தன் மடையைத் தானே திறக்கும் நீர்

கால்சியம் என்றதும் பாலும் முருங்கைக்கீரையும் மருந்துக்கடை மாத்திரை அட்டையும் நினைவுக்கு வருகின்றன. பேச்சுவழக்கில் அதைச் சுண்ணாம்புச்சத்து என்கிறோம்; எலும்பைக் கட்டும் காரை என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. கணக்கும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. வளர்ந்த மனித உடலில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்த 99-ஐப் பற்றி அல்ல. மீதி ஒரு விழுக்காட்டிலும் மிகச் சிறிய பங்கு செல்லுக்குள்ளே கரைந்து உலவுகிறது. இதயம் துடிப்பது, கால் எட்டு வைப்பது, கணையம் செரிமான நீரைச் சுரப்பது, விந்தணு தொட்ட முட்டை கருவாவது என்று ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை வேலைகளும் அந்தத் துளியை நம்பி நடக்கின்றன. ஒரே அயனி எப்படி இத்தனை கட்டளைகளாகிறது? பாடநூல்கள் கால்சியத்தை ‘இரண்டாம் தூதர்’ என்கின்றன. எனக்கு அந்தப் பெயரில் மனக்குறை உண்டு. நம் தூது இலக்கியங்களில் கிளியையோ மேகத்தையோ அனுப்பும்போது சேதியைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். கால்சியத்திடம் சேதி எதுவும் இல்லை. அது ஆலைச் சங்கு மாதிரி. ஊதுவது ஒரே ஒலி. காலையில் கேட்பவர் உள்ளே ஓடுகிறார், மாலையில் கேட்பவர் வீட்டுக்குப் போகச் சைக்கிளை எடுக்கிறார். செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஏற்பிகள் எந்த இடத்தில் நிற்கின்றன, அவற்றை ஒட்டி யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கட்டளையின் பொருள் அமைகிறது. நான் இங்கே வைக்கும் வாதம் இதுதான்.

கதை தவளையின் இதயத்தில் தொடங்குகிறது. 1882-இல் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், வெளியே எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்சியம் இல்லாமலே இதயம் துடிக்கும் என்றுதான் அப்போது தோன்றியது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: கரைசலை வடிநீரில் கலக்கவில்லை, நியூ ரிவர் நிறுவனம் வீடுகளுக்கு விட்ட குழாய்நீரில் கலந்திருந்தது. குழாய்நீரில் கால்சியம் இருந்தது. வடிநீரில் கலந்த அன்று இதயம் தளர்ந்து நின்றுபோனது. துளி கால்சியத்தைச் சேர்த்ததும் மறுபடி துடித்தது. 1883-இல் ரிங்கர் தம் முடிவைத் தாமே திருத்தி எழுதினார். இன்று மருத்துவமனையில் நம் கையில் ஏறும் ஆர்.எல். பாட்டிலில் இருக்கும் முதல் எழுத்து அவருடையது. இதற்கு நேர் எதிரான ஒரு சோதனை 1972-இல் நடந்தது. ஆம்ஸ்ட்ராங், பெசனில்லா, ஹோரோவிட்ஸ் ஆகியோர் தவளையின் கால்தசை இழைகளைக் கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள் கலந்த கரைசலில் போட்டார்கள். வெளியே கால்சியம் அநேகமாக இல்லை என்றே ஆகிவிட்டது. ஆனாலும் மின்தூண்டல் கொடுத்த போதெல்லாம் இழை பல நிமிடங்களுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரே தவளை, இதயத்துக்கு வெளியிலிருந்து கால்சியம் வந்தே தீரவேண்டும், காலுக்கு வேண்டியதில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குச் செல்லின் உள்ளே போகவேண்டும்.

செல்லுக்கு வெளியே உள்ள நீரில் கால்சியத்தின் செறிவு 1 மில்லிமோலுக்குச் சற்று மேல். உள்ளே, ஓய்வில் இருக்கும்போது, 100 நானோமோல் அளவுதான். பத்தாயிரம் மடங்கு ஏற்றத்தாழ்வு. உயிர் ஏன் இப்படிக் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது? செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும் மரபுப்பொருளும் பாஸ்பேட்டால் ஆனவை. கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் கெட்டிப்படும். எலும்பே அந்தச் சந்திப்பின் விளைபொருள். உள்ளே கால்சியம் நிறைந்தால் செல் கல்லாகிவிடும். ஆகவே செல் அதை இரண்டு பக்கமும் இறைக்கிறது: வெளிச்சவ்வு வழியே புறத்துக்கு, எண்டோபிளாச வலை என்னும் உள்கிடங்குக்கு. தசையில் இந்தக் கிடங்குக்குச் சார்கோபிளாச வலை என்று பெயர். ஹாசல்பாகும் மகினோசும் 1961-இல் காட்டியபடி, கிடங்கின் சவ்வில் உள்ள இறைப்பான் ஒரு ஏடிபியைச் செலவழித்து இரண்டு கால்சியத்தை உள்ளே இழுக்கும். நச்சை ஒதுக்கி வைக்கக் கட்டிய கரை, நாளடைவில் பாசனக் கண்மாயாகிவிட்டது என்று நான் பார்க்கிறேன். கண்மாய் நிறைந்து நின்றால்தான் மடை திறக்கிற வேலைக்கு அர்த்தம் உண்டு.

தசைக்குள் கால்சியத்தைச் செலுத்தினால் அது சுருங்கும் என்பதை ஹைல்பிரன், வியர்சின்ஸ்கி இருவரும் 1947-இல் காட்டினார்கள். பொட்டாசியமோ சோடியமோ அதைச் செய்யவில்லை. மறு ஆண்டே ஏ.வி. ஹில் குறுக்கே வந்தார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது: இழையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பொருள் பரவி நடுவை அடைய ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டால், தசை சுருங்கும் வேகத்தை அது எட்டவே எட்டாது. பலர் கால்சியக் கருத்தையே கைவிடும் நிலைக்கு வந்தார்கள். ஆனால் ஹில்லின் கணக்கு வீழ்த்தியது கால்சியத்தை அல்ல. கால்சியம் வெளியிலிருந்து நடந்து வருகிறது என்ற அனுமானத்தை மட்டுமே. இழையின் மேற்சவ்வு மெல்லிய குழாய்களாக உள்ளே மடிந்து நுழைகிறது என்பதும், அந்தக் குழாயை ஒட்டியே கிடங்கு அமர்ந்திருக்கிறது என்பதும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெளிவாயின. மின்செய்தி குழாய் வழியே ஆழத்துக்குப் போகிறது. கால்சியம் அங்கேயே, பக்கத்திலிருந்தே, திறந்துவிடப்படுகிறது. தோக்கியோவில் செட்சுரோ எபாஷி, அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ட்ரோபோனின் என்ற புரதத்தை 1960-களில் அடையாளம் கண்டபின் சந்தேகம் ஓய்ந்தது. ஒரு நல்ல மறுப்பு எதிராளியை எவ்வளவு முன்னே தள்ளிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உடலியலில் எனக்குத் தெரியாது.

இனி மடைக்கு வருவோம். கிடங்கின் சவ்வில் கால்சியத்தைத் திறந்துவிடும் பெரிய ஏற்பிக் குடும்பங்கள் இரண்டு. ஒன்றின் பெயர் ரயனோடின் ஏற்பி. டிரினிடாடிலும் தென்னமெரிக்காவிலும் வளரும் ரயானியா என்ற செடியின் தண்டுப்பொடியைப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தினார்கள்; 1940-களில் அதிலிருந்து பிரித்த நஞ்சு ரயனோடின். அந்த நஞ்சு எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடியபோது அகப்பட்டதால் ஏற்பிக்கு அந்தப் பெயர். உடல் தனக்காக வைத்திருக்கும் ஒரு கதவை அதன் எதிரியின் பெயரால் அழைக்கிறோம். அறியப்பட்ட அயனித் தடங்களில் இதுவே மிகப் பெரியது: ஏறத்தாழ 5,000 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் நான்கு கூடி ஒரு கதவு. எலும்புத்தசையில் முதல் வகை, இதயத்தில் இரண்டாம் வகை, மூளையிலும் வேறு சில இடங்களிலும் கொஞ்சமாக மூன்றாம் வகை. மற்றொரு குடும்பம் ஐபி3 ஏற்பி. ஹார்மோனோ நரம்புக் கடத்தியோ செல்லின் வெளிச்சவ்வைத் தட்டும்போது, சவ்விலுள்ள கொழுப்பொன்று வெட்டுப்பட்டு ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உள்ளே விழும். அது கிடங்கிலிருந்து கால்சியத்தை வெளியே விடவைக்கிறது என்பதை 1983-இல் எலியின் கணையச் செல்களில் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் ஆகியோர் காட்டினார்கள். இந்த இரண்டு குடும்பங்களும் பங்காளிகள். அண்மைக்காலத்தில் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டின் வடிவத்தையும் கிட்டத்தட்ட அணு அணுவாகப் பார்த்தபோது, கதவைத் திறக்கத் தூண்டும் கால்சியம் வந்து உட்காரும் இருக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது.

அதாவது கால்சியத்தை வெளியே விடும் மடையைக் கால்சியமே திறக்கிறது. தன் மடையைத் தானே திறக்கும் நீர். கேட்கும்போதே பயமாக இருக்கிறதல்லவா? துளி கசிந்தால் அது இன்னும் திறக்கும், இன்னும் கசியும், கண்மாயே காலியாகும் வரை நிற்காது. உண்மையில் இதயத்தைப் பற்றி வெகுகாலம் எழுந்த மறுப்பு இதுவே. அலெக்சாந்தர் ஃபாபியாட்டோ 1970-களிலும் 80-களிலும் மேற்சவ்வை உரித்தெடுத்த இதயச் செல்களில், சிறு அளவு கால்சியத்தைச் சட்டென்று கொடுத்தால் கிடங்கு அதைவிடப் பெரிய அளவை வெளியே விடுகிறது என்று காட்டினார். ஆனால் அவர் கண்ட விளைவு படிப்படியானது. தூண்டும் கால்சியம் கூடினால் வெளிவருவதும் கூடியது. வெடிமருந்து போன்ற ஒன்றிலிருந்து இப்படி அளவான விளைவு எப்படி வரும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொன்னது இடம். இதயச் செல்லில் வெளிச்சவ்வின் கால்சியத் தடமும் கிடங்கின் ரயனோடின் ஏற்பிகளும் ஏறத்தாழ 12 முதல் 15 நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கின்றன. அந்தச் சந்தில் மட்டும் கால்சியம் கணநேரத்துக்குப் பல்லாயிரம் நானோமோலாக உயரும். ஒரு மைக்ரோமீட்டர் தள்ளிப் போனால் செல்லின் நீரில் கலந்து தேய்ந்து, பக்கத்துக் கூட்டத்தைத் திறக்கும் வலு இல்லாமல் போகும். 1993-இல் செங், லெடரர், கேனல் ஆகியோர் எலியின் இதயச் செல்லில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது இதைக் கண்ணால் கண்டார்கள். இருண்ட செல்லில் இங்கொன்றும் அங்கொன்றுமாக 2 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரு பொறி தெறித்து, ஒரு நொடியில் நூறில் சில பங்குக்குள் அணைகிறது. ஒவ்வொரு துடிப்பும் இப்படி ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே கணத்தில் தெறிப்பதன் கூட்டுத்தொகை. எத்தனை பொறி என்பதில் அளவு அடங்கிவிடுகிறது. ஒரு பொறிக்குள் வேண்டுமானால் வெடிப்பு நடக்கட்டும்.

இப்போது காலுக்கும் இதயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கலாம். இதயத்தில் வெளிச்சவ்வின் தடம் திறந்து, கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்து, அது ரயனோடின் ஏற்பியைத் திறக்கிறது. கால்தசையிலும் வெளிச்சவ்வில் அதே குடும்பத்தைச் சேர்ந்த தடம் இருக்கிறது. ஆனால் அங்கே அது தடமாக வேலை செய்வதைவிட நெம்புகோலாக வேலை செய்கிறது. மின்னழுத்தம் மாறியதும் அதன் உடல் அசைகிறது. அந்த அசைவே எதிரே நிற்கும் ரயனோடின் ஏற்பியை நேரடியாக இழுத்துத் திறக்கிறது. ஷ்னைடரும் சாண்ட்லரும் 1973-இல் இந்த அசைவின் மின்சுவட்டை அளந்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இதை நிறுவியது 1990-இல் வந்த தனபே, பீம், நூமா குழுவின் சோதனை. பிறவியிலேயே அந்தத் தடம் இல்லாத சுண்டெலிகள் உண்டு. அவை மூச்சுவிடத் தசை அசையாததால் பிறந்ததும் இறந்துவிடும். அவற்றின் தசைச் செல்லை வளர்த்து, உட்கருவில் காணாமற்போன தடத்தின் மரபுச்செய்தியைச் செலுத்தினால் செல் சுருங்கத் தொடங்கும். குழு ஒரு செல்லுக்கு எலும்புத்தசைத் தடத்தைக் கொடுத்தது. அது வெளியே கால்சியம் இல்லாதபோதும் சுருங்கியது. இன்னொரு செல்லுக்கு இதயத் தடத்தைக் கொடுத்தது. அதுவும் சுருங்கியது, ஆனால் வெளியே இருந்த கால்சியத்தை எடுத்ததும் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே வகைக் கால்தசைச் செல். உள்ளே காத்திருந்த ரயனோடின் ஏற்பியும் ஒன்றே. எதிர்வீட்டுக்காரரை மாற்றியதும் கால்தசை இதயத்தின் பழக்கத்துக்கு மாறிவிட்டது. குழு அங்கேயும் நிற்கவில்லை. இதயத் தடத்தில் ஒரே ஒரு வளைவுத் துண்டை மட்டும் வெட்டி, எலும்புத்தசைத் தடத்தின் துண்டை ஒட்டினார்கள். மறுபடியும் கால்சியம் வேண்டாத சுருக்கம் திரும்பி வந்தது. என் வாதத்துக்கு ஒரே ஒரு சாட்சியைத்தான் அழைக்கலாம் என்றால் நான் இந்தச் செல்லைத்தான் கூண்டில் ஏற்றுவேன்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: அப்படியானால் கால்தசையில் அந்தத் தடம் வழியே வருகிற கால்சியம் எதற்கு? அதற்கு ஏதாவது வேலை இல்லாமல் இயற்கை விட்டுவைக்குமா? மீன் இதற்குப் பதில் சொல்கிறது. வரிக்குதிரை மீனின் தசையில் அந்தத் தடம் கால்சியத்தைக் கடத்தவே கடத்தாது என்று 2010-இல் தெரிந்தது. நெம்புகோல் வேலை மட்டும் நடக்கிறது. மீன் வேறு, பாலூட்டி வேறு என்பீர்கள். 2017-இல் அதே தடத்தில் கால்சியம் போகமுடியாதபடி ஒரு மாற்றம் செய்த சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை நன்றாகவே ஓடியாடின. இது நம் வீட்டு மருந்துப்பெட்டிக்கும் பொருந்தும். இரத்த அழுத்தத்துக்குப் பலர் தினம் விழுங்கும் அம்லோடிபின் இந்தத் தடக் குடும்பத்தைத்தான் அடைக்கிறது. இரத்தக்குழாய் தளர்கிறது, ஆனால் மாத்திரை போட்டவர் மாடிப்படி ஏறக் கால் வலுவிழந்து உட்கார்ந்துவிடுவதில்லை. மருந்து எந்த வகைத் தடத்தை அதிகம் நாடுகிறது என்பதும் ஒரு காரணந்தான். ஆனால் கால்தசைக்கு அந்த வழியாக வரும் கால்சியமே வேண்டாம் என்பது முக்கியக் காரணம்.

இரத்தக்குழாயைச் சொன்னதால் அங்கேயே கொஞ்சம் நிற்கிறேன். நம் வாதத்துக்கு மிக இனிப்பான சான்று அங்கேதான் இருக்கிறது. தமனிச் சுவரின் மென்தசையும் கால்சியத்தால்தான் சுருங்குகிறது. அதன் கிடங்கிலும் பெருமளவு இதயத்தில் உள்ள அதே இரண்டாம் வகை ரயனோடின் ஏற்பி இருக்கிறது. இதயத்தில் போலவே இங்கும் கால்சியப் பொறிகள் தெறிக்கின்றன. ஆகவே பொறி அதிகமானால் தமனி மேலும் இறுகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1995-இல் நெல்சன் குழு எலியின் மூளைத் தமனிகளில் பார்த்தது நேர் எதிர். பொறிகளை ரயனோடின் கொடுத்து நிறுத்தியபோது தமனி இறுகியது. பொறி தெறிக்கும்போது தளர்ந்தது. காரணம் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஏற்பிகளுக்கு மிக அருகே வெளிச்சவ்வில் பொட்டாசியத் தடங்கள் இருக்கின்றன. அவை அதிகக் கால்சியத்தைக் கண்டால் திறக்கும். பொறியின் உள்ளே கால்சியம் அந்த அளவுக்கு உயர்கிறது. பொட்டாசியம் வெளியேற, சவ்வின் மின்னழுத்தம் இறங்க, வெளியிலிருந்து கால்சியம் வரும் தடங்கள் மூடிக்கொள்கின்றன. செல் முழுவதும் பரவிய கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது. அயனி அதே, ஏற்பி அதே, பொறியும் அதே. ஒரு இடத்தில் அது துடிப்பு, மற்றோர் இடத்தில் அது தளர்வு. கால்சியம் என்றால் சுருக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் இந்த ஒரு தமனியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஐபி3 ஏற்பிகளின் உலகம் வேறு மாதிரி ஓடுகிறது. அங்கே கால்சியம் தனித்து ஆளுவதில்லை. ஐபி3-உம் கூட இருக்கவேண்டும். பெஸ்ப்ரோஸ்வானி, வாட்ராஸ், எர்லிக் ஆகியோர் 1991-இல் சிறுமூளையிலிருந்து எடுத்த ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பதித்து, கால்சியத்தைப் படிப்படியாகக் கூட்டினார்கள். 200 முதல் 300 நானோமோல் வரை கதவு மேலும் மேலும் திறந்தது. அதைத் தாண்டியதும் மூடத் தொடங்கியது. வரைபடத்தில் மணி கவிழ்த்தாற்போன்ற வளைவு. கொஞ்சம் கால்சியம் திறக்கும், நிறையக் கால்சியம் அடைக்கும். இந்த இரட்டைக் குணத்திலிருந்து அலை பிறக்கிறது: திறந்து, நிறைந்து, அடைத்து, இறைத்து, மீண்டும் திறந்து. 1986-இல் உட்ஸ், கத்பர்ட்சன், காபோல்ட் ஆகியோர் தனித்த கல்லீரல் செல்களில் ஜெல்லிமீனிலிருந்து கிடைக்கும் ஒளிப்புரதத்தைச் செலுத்திப் பார்த்தபோது, ஹார்மோன் கொடுத்த செல்லில் கால்சியம் ஒரே சீராக ஏறி நிற்கவில்லை. துடிப்புத் துடிப்பாக வந்தது. ஹார்மோனைக் கூட்டினால் துடிப்பின் உயரம் அவ்வளவாக மாறவில்லை, துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறுகியது. பாலூட்டியின் முட்டையிலும் விந்தணு நுழைந்தபின் இப்படித் துடிப்பு மணிக்கணக்கில் நீடிக்கும். இங்கே ஒரு மறுப்பு உண்டு, அதை மூடிமறைக்க நான் விரும்பவில்லை. மணி வளைவு செயற்கைச் சவ்வில் அளந்தது. உயிருள்ள செல்லில் ஏடிபியும் ஐபி3-இன் அளவும் சேர்ந்து வளைவை இடம் நகர்த்துகின்றன, ஏற்பியின் வகைக்கேற்ப அடைப்பின் வலுவும் வேறுபடுகிறது. ஒரே எண்ணை எல்லாத் திசுவுக்கும் பொருத்தக்கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசுவுக்குத் திசு வளைவு நகர்வதே என் வாதத்துக்குத் துணைதான்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறொன்று. ‘நீங்கள் இடம், பக்கத்து வீடு என்று வளைத்து வளைத்துச் சொல்வதெல்லாம் எதற்கு? திசுவுக்குத் திசு ஏற்பியின் மரபணு வேறு. முதல் வகை காலுக்கு, இரண்டாம் வகை இதயத்துக்கு. கதை அவ்வளவுதான்.’ இதில் பாதி உண்மை. ரயனோடின் ஏற்பியே இல்லாத தசைச் செல்லில் இதய வகையைச் செலுத்திப் பார்த்த சோதனை 1997-இல் வந்தது. கால்தசையின் நெம்புகோல் வேலை திரும்பவில்லை. கால்மாடுலின் என்ற கால்சியம் பிடிக்கும் புரதமும் இந்த இரண்டு வகைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை: கால்சியம் குறைவாக உள்ளபோது அது முதல் வகையைத் தூண்டுகிறது, இரண்டாம் வகையை அடக்குகிறது. ஐபி3 ஏற்பியிலும் வகைப்பங்கீடு தெரிகிறது. சிறுமூளையில் முதல் வகை மிகுதி. அதை இழந்த சுண்டெலிகளில் பெரும்பாலானவை கருவிலேயே இறக்கின்றன, பிறந்தவை நடை தள்ளாடி வலிப்பு வந்து நீண்டநாள் வாழ்வதில்லை. ஆனால் மரபணு மட்டுமே விடை என்றால், இரண்டாம் வகையோ மூன்றாம் வகையோ இல்லாத சுண்டெலிக்கு அது நிறைந்த திசுவில் பெரிய கேடு வரவேண்டும். 2005-இல் பார்த்தபோது, ஒன்றை மட்டும் இழந்தவை ஏறக்குறைய நலமாக இருந்தன. இரண்டையும் சேர்த்து இழந்தவற்றுக்குத்தான் எச்சில் சுரக்கவில்லை; தாய்ப்பால் மறந்ததும் உலர்ந்த தீனியை விழுங்க முடியாமல் வாடின. கூழாகக் கரைத்துக் கொடுத்தபோது தின்றன, ஆனாலும் கணைய நீர் போதாமல் இளைத்தே இருந்தன. சுரப்பியில் இரண்டு வகைகளும் ஒரே மூலையில், செல் தன் நீரைக் கொட்டும் முனையை ஒட்டிக் குவிந்து நிற்கின்றன. ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் பார்த்துக்கொள்கிறார். வியர்வைச் சுரப்பியில் அப்படி மாற்றாள் இல்லை போலும். 2014-இல் விவரிக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் இரண்டாம் வகை ஏற்பி பழுதானவர்களுக்குச் சுரப்பிகள் இயல்பாக இருந்தும் வியர்க்கவில்லை. நம் சித்திரை வெயிலில் அது என்ன துன்பம் என்று விளக்க வேண்டியதில்லை.

பழுதைப் பார்த்தால் பக்கத்து வீட்டின் பங்கு இன்னும் துலக்கமாகும். 1960-இல் மெல்பர்னிலிருந்து ஒரு கடிதம் லான்செட் இதழில் வந்தது. கால் உடைந்த இளைஞர் ஒருவர் எலும்பைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்தார். அவருடைய உறவினர்களில் 10 பேர் மயக்க மருந்து கொடுத்தபோது இறந்திருந்தார்கள். இதுதான் பின்னாளில் வீரிய மிகுவெப்ப நோய் என்று அறியப்பட்டது. இவர்களில் பலருக்கு முதல் வகை ரயனோடின் ஏற்பி பழுது. ஹாலோத்தேன் போன்ற மயக்க ஆவி பட்டதும் கதவு திறந்தபடி நிற்கிறது. கசிகிற கால்சியத்தை இறைப்பான் ஓயாமல் உள்ளே இழுக்கிறது. ஏடிபி எரிந்து உடல் கொதிக்கிறது. பன்றிகளுக்கும் இந்தப் பழுது உண்டு. 1991-இல் அது ஏற்பியின் 615-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் அமர்ந்ததால் வந்தது என்று கண்டார்கள். அதற்குமுன் பன்றி வளர்ப்பவர்களுக்கு அது இறைச்சி வெளுத்துத் தண்ணீர் விடுகிற தொல்லையாகத்தான் தெரிந்தது. டான்ட்ரோலீன் என்ற மருந்து இந்தக் கசிவை அடக்குகிறது. அது வருமுன் நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவு. நோயை உறுதிசெய்யத் தொடைத்தசையில் சிறு துண்டெடுத்துக் கரைசலில் தொங்கவிட்டு, அதில் கஃபீனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். பழுதுள்ள தசை குறைந்த அளவிலேயே இறுகத் தொடங்கும். இதைக் கேட்டுக் காபிப் பிரியர்கள் கலங்க வேண்டாம். சோதனையில் வேண்டிய அளவு மில்லிமோல் கணக்கு. இரண்டு டம்ளர் டிகாக்‌ஷன் காபி குடித்தாலும் இரத்தத்தில் சேர்வது அதில் சிறு பங்கே.

இதே மாதிரிப் பழுது இரண்டாம் வகையில் வந்தால் உடல் கொதிப்பதில்லை. 2001-இல் காரணம் தெளிவான ஒரு நோய் உண்டு: ஓய்வில் எடுத்த இசிஜி வரைபடத்தில் எந்தக் குறையும் இல்லாத சிறுவர், ஓட்டத்திலோ கோபத்திலோ நினைவிழந்து விழுகிறார்; சில சமயம் எழுவதில்லை. அட்ரினலின் ஏறும்போது பழுதான கதவு நேரங்கெட்ட நேரத்தில் கசிகிறது. இதயச் செல்லின் வெளிச்சவ்வில் கசிந்த கால்சியத்தை வெளியேற்ற ஒரு பண்டமாற்றுப் புரதம் நிற்கிறது. ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும்போது மூன்று சோடியத்தை உள்ளே விடும். கணக்குப் பாருங்கள்: இரண்டு நேர்மின் போய் மூன்று வருகிறது. அந்த மிச்சம் ஒன்று சவ்வின் மின்னழுத்தத்தை உயர்த்தி, கேட்காத துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. கால்தசையில் கசிவு நெருப்பானது, இதயத்தில் கசிவு தாளம் தவறுவதானது. கதவின் பழுது ஒரே தரம். கசிவை வாங்கிக்கொண்டவர் வேறு.

இந்த மடைகள் மனித உடலோடு நிற்பதில்லை என்பதால் வயலுக்கும் ஒரு நடை போய் வரலாம். ரயானியா செடி தந்த யோசனை வீண்போகவில்லை. நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் நம் உழவர்கள் தெளிக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல், பூச்சியின் ரயனோடின் ஏற்பியைத் திறந்தபடி பூட்டிவிடுகிறது. கால்சியம் கொட்டிக் கண்மாய் வற்ற, புழு உடலைச் சுருக்கிக்கொண்டு தின்பதை நிறுத்திவிடும். பாலூட்டியின் ஏற்பியைவிடப் பூச்சியின் ஏற்பியில் அது பல நூறு மடங்கு வலுவாக ஒட்டுவதால்தான் தெளிப்பவரின் கை இறுகுவதில்லை. கால்சியத்தின் இருக்கை புழுவிலும் மனிதரிலும் ஏறக்குறைய ஒன்றே. மருந்து உட்காரும் திண்ணைதான் வேறு. முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் மருந்துக்கு மசியாத கூட்டங்களை 2012-இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 5,000 அமினோ அமிலங்களில் 4,946-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் இருந்தது. மருந்துக்குத் திண்ணை பறிபோய்விட்டது. கால்சியம் வந்து அமரும்போது கதவு முன்போலவே திறக்கிறது, முன்போலவே மூடுகிறது. புழு கோஸ் இலையை ஓட்டை போட்டபடி அடுத்த இலைக்கு நகர்கிறது.